பிஸ்டன் வாங்கும்முன் சிலிண்டர் போரை அளக்கணும்: ஜீப் 4.0 என்ஜின் ரீபில்ட் குறிப்புகள்

வண்டி 1998 ஜீப் செரோக்கி. 2 லட்சம் மைல் தாண்டியாகிவிட்டது. மிச்சிகன் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடங்களுக்கு டக் டக் என்று ஒரு தட்டல் கேட்கும், சூடு ஏறியதும் அடங்கிவிடும். அதோடு ஆயிலும் அடிக்க ஆரம்பித்தது. புகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் டிப்ஸ்டிக் பொய் சொல்லாது.

உள்ளே இருப்பது 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர், ஒரே வரிசை. அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனி 1964-ல் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் குடும்பத்தின் கடைசி வாரிசு இது. 1987 மாடலில் வந்து 2006 வரை ஓடியது. என்ஜின் தயாரானது விஸ்கான்சினின் கெனோஷாவில், செரோக்கி வண்டி பூட்டப்பட்டது ஒஹாயோவின் டொலீடோவில். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், புஷ்ராடு, பக்கவாட்டில் கேம்ஷாஃப்ட். நவீனம் என்று சொல்ல எதுவும் கிடையாது. அதனால்தான் வீட்டுக் கராஜில் வைத்துப் பிரிக்கத் துணிச்சல் வந்தது.

சூடானால் அடங்கும் தட்டலுக்குப் பெரும்பாலும் பிஸ்டன்தான் காரணம். அலுமினியம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பெரிய எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்திலுள்ளது) போயிருந்தால் நிலைமை தலைகீழ், ஆயில் சூடாகி இளகியதும் சத்தம் கூடும். ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்த்ததில் மூன்றாவதைக் கழற்றியபோது சத்தம் பாதியாகக் குறைந்தது. கம்ப்ரஷன் டெஸ்டில் மூன்றாம், நான்காம் சிலிண்டர்கள் 110 பி.எஸ்.ஐ. பக்கம் நின்றன, மற்றவை 125-ஐ ஒட்டி. சர்வீஸ் புத்தகம் கேட்பது 120-லிருந்து 150 வரை, சிலிண்டருக்குச் சிலிண்டர் 30-க்கு மேல் வித்தியாசம் கூடாது. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் மூன்றாவது எகிறி 140 தொட்டது. வால்வு போயிருந்தால் ஆயில் விட்டாலும் ஏறியிருக்காது. ஆக ரிங்கும் சுவரும்தான் தேய்ந்திருக்கின்றன. என்ஜினை இறக்கியே ஆகவேண்டும்.

கூட வேலை பார்த்தது டெட்ராய்ட் பக்கம் வேலை செய்யும் சென்னைத் தம்பி ஒருவன். ஹெட்டைத் தூக்கியதுமே ஃபோனை எடுத்து பிஸ்டன் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான். என்ன பிஸ்டன் என்று கேட்பதற்கு முன்னால் பிளாக் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தபின் கேட்லாக்கில் முதலில் தேடவேண்டியது எந்த உலோகம் என்பதை அல்ல, கம்ப்ரஷன் உயரத்தை. அதற்குப் பிறகு வருகிறேன்.

போர் சொன்ன கணக்கு

இந்த என்ஜினின் ஸ்டாண்டர்ட் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 98.4 மி.மீ., அதாவது 3.875 அங்குலம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86.7 மி.மீ. மைக்ரோமீட்டரை 98.43-ல் பூட்டி, அதற்குள் டயல் போர் கேஜை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தபின் சிலிண்டருக்குள் இறக்கினோம். மேலே டெக்கிலிருந்து (ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்முகம்) 10 மி.மீ. கீழே ஓரிடம், நடுவில் ஓரிடம், அடியில் ஓரிடம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசை: கிராங்க்குக்கு இணையாக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. கேஜை லேசாக முன்னும் பின்னும் சாய்த்தால் முள் ஒரு பக்கம் போய்த் திரும்பும். அது திரும்பும் புள்ளிதான் அளவு.

மூன்றாவது சிலிண்டரில் அடியில் முள் கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே நின்றது. மேலே, குறுக்குத் திசையில் 0.11 மி.மீ. காட்டியது. மேல் ரிங் போய்த் திரும்பும் கோட்டுக்கு மேலே விரல் நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு நின்றது. மற்ற சிலிண்டர்களில் 0.05-லிருந்து 0.08 வரை. சரிவு (மேலுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம்) 0.025 மி.மீ.க்குள், கோணல் (இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம்) 0.025-க்குள் இருந்தால் ஹோனிங்கோடு (சுவரைக் கல்லால் லேசாகத் தேய்ப்பது) விடலாம் என்கிறது புத்தகம். நம்முடையது நாலு மடங்கு தாண்டியிருந்தது. பழைய போரிலேயே புது ரிங் போட்டுத் தப்பிக்கும் பேச்சு அங்கேயே முடிந்தது.

மூன்றாவது பிஸ்டனின் ஸ்கர்ட்டில் (தலைக்குக் கீழேயுள்ள பக்கச் சுவர்) கேம்ஷாஃப்ட் இருக்கும் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்து பளபளத்தது. எதிர்ப்பக்கத்தில் தொழிற்சாலையில் கடைந்த நுண்வரிகள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. முன்னாலிருந்து பார்த்தால் இந்த என்ஜின் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. வெடிப்பின்போது ராடு ஒருபக்கம் சாய்வதால் பிஸ்டன் மறுபக்கச் சுவரில் போய் மோதுகிறது, அது வண்டியின் வலப்பக்கம். கேமும் அங்கேதான். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் குளிரில் 0.018-லிருந்து 0.038 மி.மீ. இருக்கவேண்டும். மூன்றாவதில் நடுப்போரில் 0.13 இருந்தது. தட்டாமல் என்ன செய்யும்? ஸ்கர்ட் விரிசல் விட்டு ஆயில் பேனில் துண்டாக விழுந்த 4.0 பிஸ்டன்கள் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்படி ஆட விட்டு ஓட்டினால் அலுமினியம் களைத்துப்போகத்தான் செய்யும். எங்களுடையதில் விரிசல் இல்லை. ஆறையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்துப் பார்த்தோம்.

அடுத்தது எந்த ஓவர்சைஸ், அதாவது துளையை எவ்வளவு பெரிதாக்கி எந்தப் பெரிய பிஸ்டன் போடுவது என்பது. 0.11 மி.மீ.தான் தேய்மானம், 0.010 அங்குலம் என்றால் 0.25 மி.மீ. ஆயிற்றே, தாராளமாகப் போதுமே என்று தோன்றும். போதாது. தேய்மானம் ஒரு பக்கச் சுவரில், ஆனால் போர் பண்ணும்போது மையம் நகரக்கூடாது. 0.25 மி.மீ. விட்டம் கூட்டினால் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது 0.127. தேய்ந்த பக்கத்தில் 0.11 ஏற்கெனவே போய்விட்டது. மீதி 0.017-ல் கட்டர் கடைந்த தடத்தை ஹோன் கல் முழுசாக எடுக்காது. மையத்தைத் தேய்ந்த பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொள்ளும் லேத்துக்காரர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பிஸ்டன் கிராங்க்குக்கு நேராக நிற்காது. ஆகவே 0.020 அங்குலம். இங்கே மெஷின் கடைகளில் ‘ட்வென்டி ஓவர்’ என்பார்கள். புதுப் போர் 98.93 மி.மீ. அடுத்து 0.030, 0.040 எல்லாம் கிடைக்கின்றன, ஆனால் இன்னொரு ரீபில்டுக்கான இரும்பை இன்றே சீவிப் போட மனசு வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த ‘4.0’ என்ஜினின் கொள்ளளவு 3,956 சி.சி.தான். ட்வென்டி ஓவர் போனபின் 3,999. பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்து இப்போதுதான் கிட்டத்தட்ட உண்மையாகியிருக்கிறது.

ஃபோர்ஜ்டா, காஸ்டா?

“அண்ணா, இவ்ளோ தூரம் பிரிச்சாச்சு. ஃபோர்ஜ்டே போட்டுடலாமே?”

“டர்போ போடப் போறியாடா?”

“இல்லண்ணா.”

“நைட்ரஸ்?”

“அதுவும் இல்ல. ஆனா ஸ்ட்ராங்கா இருக்கும்ல?”

இருக்கும். எதற்கு என்பதுதான் கேள்வி. 4.0-ன் உச்ச சக்தி 190 குதிரைத்திறன், அதுவும் 4,600 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 13.3 மீட்டர். 20-ஐத் தாண்டும் பந்தய என்ஜின்களுக்கு முன்னால் இது நடைப்பயிற்சி. இந்த என்ஜினில் பிஸ்டன் போவது சுமையால் அல்ல, பல ஆண்டு ஆடி ஆடித் தேய்ந்துதான்.

ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய பிஸ்டன்) என்பதற்குள்ளேயே இரண்டு சாதி. 2618 என்ற அலாயில் சிலிக்கான் அநேகமாக இல்லை. அடி தாங்கும், சட்டென்று உடையாது, ஆனால் சூட்டில் நிறைய விரியும். அதனால் குளிரில் 0.1 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டே ஆகவேண்டும். அப்படி விட்டால் காலையில் டக் டக் என்று அதே சத்தம், இந்தமுறை காசு கொடுத்து வாங்கியதாக இருக்கும். 4032-ல் சுமார் 12 சதவீதம் சிலிக்கான். அது குறைவாக விரியும், இடைவெளியையும் சுருக்கலாம். சாலை வண்டிக்கு ஃபோர்ஜ்டுதான் வேண்டும் என்றால் 4032 பக்கம் போகலாம். ஆனால் இந்த போருக்கு அலமாரியில் ரெடியாகக் கிடைப்பது குறைவு, விலையோ ஏகத்துக்கு.

காஸ்டிலும் (வார்ப்புப் பிஸ்டன்) இரண்டு உண்டு. சாதாரண வார்ப்பில் சிலிக்கான் 12 சதவீதம் வரை. ஹைப்பர்யூடெக்டிக் என்பதில் 16-லிருந்து 18 சதவீதம். அலுமினியம் கரைத்துக்கொள்ளக்கூடிய அளவைத் தாண்டிய சிலிக்கான் கெட்டித் துகள்களாக உள்ளேயே நிற்கிறது. அதனால் ரிங் பள்ளம் சீக்கிரம் தேயாது, பிஸ்டனும் அதிகம் விரியாது, இடைவெளியை இறுக்கமாக வைக்கலாம். கெட்டியாக இருப்பது உடையவும் செய்யும். ‘நாக்’ (கலவை தானே வெடித்துப் பிஸ்டனை அடிப்பது) விழுந்தால் ஃபோர்ஜ்டு பொறுத்துக்கொள்ளும், இது ரிங் லேண்டைக் (ரிங் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள வரம்பு) காவு கொடுக்கும். சாதா பெட்ரோலில், தொழிற்சாலை இக்னிஷன் டைமிங்கில் ஓடும் குடும்ப வண்டிக்கு அந்தப் பயம் சிறியது. ஸ்கர்ட்டில் கிராஃபைட் பூச்சு உள்ள ஹைப்பர்யூடெக்டிக் என்று முடிவானது. தம்பிக்கு அரை மனசுதான்.

ஸ்ட்ரோக்கர் (ஸ்ட்ரோக் நீண்ட கிராங்க் போட்டுக் கொள்ளளவைக் கூட்டுவது) ஆசையும் எட்டிப் பார்க்காமல் இல்லை. இதே குடும்பத்தின் பழைய 258 கன அங்குல என்ஜினின் கிராங்க் இந்த பிளாக்கில் உட்காரும். ஸ்ட்ரோக் 3.895 அங்குலம், அதாவது 98.9 மி.மீ. எங்கள் புதுப் போரும் 98.9, பொருத்தம் பார்த்தால் சதுரம். கொள்ளளவு 4.6 லிட்டர் ஆகிவிடும். 258-ன் குட்டையான 5.875 அங்குல ராடுகளைச் சேர்த்தால் 4.0 பிஸ்டனே உயரக் கணக்கில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆனால் பிறகு இன்ஜெக்டர், ட்யூனிங் என்று வால் நீளும். எனக்கு வண்டி திங்கட்கிழமை ஆபீஸ் போகவேண்டும்.

அரை மில்லிமீட்டர் விவகாரம்

கஜன் பின்னின் (பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்) மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள தூரம்தான் கம்ப்ரஷன் உயரம். 4.0-க்குக் கம்பெனி அளவு 40.61-லிருந்து 40.72 மி.மீ. வரை. சந்தையில் ரீபில்டுக்கு என்று விற்கும் செட்களில் பலவற்றில் இது 40.4 பக்கம் இருக்கிறது. வேண்டுமென்றேதான். பழைய பிளாக்கின் டெக்கை ஃபேஸ் அடித்திருப்பார்கள் (சீவி மட்டமாக்குவது), பிஸ்டன் வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது, ஹெட்டிலும் சீவியிருப்பார்கள், எதற்கும் கொஞ்சம் குட்டையாகவே இருக்கட்டும் என்ற பாதுகாப்பு யோசனை. டெக்கைத் தொடாத பிளாக்கில் அதைப் போட்டால் பிஸ்டன் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

முதலில் பழைய பிஸ்டன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்தோம். ஒன்றாம் சிலிண்டரை டி.டி.சி.க்கு (பிஸ்டன் ஏறும் உச்சப் புள்ளி) கொண்டுவந்து, டெக்கின் மேல் ஒரு தட்டையான பாலத்தில் டயல் இண்டிகேட்டரை நிறுத்தி, முள்முனையைப் பிஸ்டன் தலையில் கஜன் பின்னுக்கு நேர்மேலாக வைக்கவேண்டும். ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் சீசா போல ஆடி முள்ளை ஏமாற்றிவிடும். 0.55 மி.மீ. ஆழம். ஒன்று, ஆறு என்று இரண்டு கோடியிலும் பார்த்தோம். டெக் கிராங்க்குக்கு இணையாகவே இருந்தது.

கேஸ்கட் அழுந்தியபின் 1.2 மி.மீ. இரண்டையும் கூட்டினால் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே 1.75 மி.மீ. இதுதான் குவென்ச் இடைவெளி. பிஸ்டன் மேலே வரும்போது இந்தச் சந்திலுள்ள கலவை நசுங்கி, பிளக் பக்கம் பீய்ச்சியடித்துச் சுழலும். எரிதல் வேகமாகும், மூலையில் தேங்கித் தானே பற்றிக்கொள்ளும் கலவை குறையும். அதற்கு இந்தச் சந்து 1.0 முதல் 1.2 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. ஒன்றே முக்காலில் நசுக்கலும் முழுசாக நடக்காது, அங்கே தங்கும் கலவையும் முழுசாக ஆறாது. இரண்டுங்கெட்டான். கம்ப்ரஷன் விகிதத்தை (கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற கணக்கு) கூட்டினால் நாக் வரும் என்று பயந்து குட்டைப் பிஸ்டன் போடுகிறவர்கள் பலர். சந்தை அகலமாக்கி நாக்குக்கு வழிவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

கணக்கைத் தாளில் போட்டோம். ஹெட்டைச் சுத்தப்படுத்தி வால்வுகளை உட்காரவைத்து, நடுவில் துளையிட்ட கண்ணாடிப் பலகையைக் கிரீஸ் தடவி மூடி, ப்யூரெட்டால் நிறமேற்றிய ஸ்பிரிட்டை விட்டு அளந்தபோது ஓர் எரியறைக்கு 57 சி.சி. பிடித்தது. பிஸ்டன் தலையிலுள்ள குழி 14 சி.சி. கேஸ்கட் தடிமனுக்கு 9.4. பிஸ்டன் 0.55 மி.மீ. தாழ்ந்து நிற்பதற்கு 4.2. மொத்தம் 84.6. புதுப் போரில் ஒரு சிலிண்டர் இழுப்பது 666.5 சி.சி. விகிதம் 8.88 வருகிறது. கம்பெனி சொல்லும் 8.8-க்கு அருகில் நிற்பதால் அளவில் பெரிய கோளாறு இல்லை.

இப்போது 40.44 மி.மீ. உயரமுள்ள குட்டைப் பிஸ்டனைப் போட்டுப் பார்ப்போம். ஆழம் 0.78 ஆகிறது, விகிதம் 8.71-க்கு இறங்குகிறது, குவென்ச் 1.98 மி.மீ. புதுசாகக் கட்டிய என்ஜின் பழசைவிட மந்தமாக ஓடும். அது ஏன் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

உயரம் 40.67 உள்ள செட்டை எடுத்து, டெக்கில் 0.5 மி.மீ. ஃபேஸ் அடித்தால் ஆழம் வெறும் 0.05. குவென்ச் 1.25, விகிதம் 9.25. 1980-களின் முதல் 4.0-கள் 9.2-ல்தான் வந்தன, அவையும் சாதா பெட்ரோலில்தான் ஓடின. ஆகவே இதில் வீரதீரம் ஒன்றும் இல்லை. அப்படியே செய்தோம். இன்னும் கொஞ்சம் சீவி 1.1-க்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் டெக் இரும்பும் திரும்பி வராது.

டெக்கைச் சீவினால் ஹெட் கீழே இறங்கும், கேமின் மேல் உட்காரும் ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் புஷ்ராடு அதே அரை மில்லிமீட்டர் கூடுதலாக அழுந்தும். இந்த என்ஜினில் ராக்கரை (வால்வை அழுத்தும் நெம்புகோல்) அட்ஜஸ்ட் பண்ண வழியே இல்லை, போல்ட்டை முறுக்கினால் உட்கார்ந்த இடம்தான். நீளம் மாற்றக்கூடிய செக்கிங் புஷ்ராடு ஒன்றை வாங்கி அளந்ததில் அழுத்தம் லிஃப்டர் தாங்கும் வரம்புக்குள்ளேயே இருந்தது. குட்டையான புஷ்ராடு வாங்கினால் அடுத்த அளவு 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. குறைவு. அதைப் போட்டிருந்தால் அழுத்தமே இல்லாமல் டப்பட் சத்தம் போட்டிருக்கும். பழைய நீளமே இருக்கட்டும் என்று விட்டோம்.

பிஸ்டன் வந்தபின் போரிங்

மெஷின் கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். பிளாக்கை இறக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பிஸ்டன் எங்கே?” கையில் பிஸ்டன் இல்லாமல் போர் பண்ணமாட்டார். ட்வென்டி ஓவர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி 98.93-க்குக் கடைந்துவிட்டு, வந்த பிஸ்டன் 0.02 மி.மீ. சின்னதாக இருந்தால் கடைந்த இரும்பை எங்கே போய் ஒட்டுவது?

பிஸ்டன் உருண்டை கிடையாது, முட்டை வடிவம். கஜன் பின் திசையில் ஒடுங்கியும், குறுக்கே அகன்றும் இருக்கும். மேலிருந்து கீழாகவும் பீப்பாய் மாதிரி ஒரு வளைவு. எங்கே அளக்கவேண்டும் என்று செட்டோடு வந்த தாளில் படம் போட்டிருந்தது: பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட்டில் குறிப்பிட்ட ஓர் உயரத்தில். ஓர் அங்குலம் தள்ளி அளந்தால் வேறு கதை சொல்லும். பூச்சு வேறு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, மைக்ரோமீட்டர் தாடை அதையும் சேர்த்தே அளக்கும். பூச்சுக்கு எவ்வளவு கழிக்கவேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருந்தது. பெரியவர் ஆறையும் அளந்து, பிஸ்டன் தலையில் மார்க்கரால் 1-லிருந்து 6 வரை எழுதினார். பிறகு ஒவ்வொரு துளையையும் அதற்கான பிஸ்டனுக்கென்றே 0.038 மி.மீ. இடைவெளி வரும்படி ஹோன் செய்தார். கம்பெனி அளவின் மேல் எல்லை அது, தாள் கேட்ட அளவும் அதுதான்.

ஹோனிங்கின்போது பிளாக்கின் மேல் தடித்த டார்க் பிளேட் ஒன்றைப் பூட்டியிருந்தார். ஹெட் போல்ட்டுகளை 110 அடி-பவுண்டுக்கு முறுக்கும்போது சிலிண்டரின் மேற்பகுதி லேசாகக் கோணும். அந்தக் கோணலை வைத்துக்கொண்டே ஹோன் செய்தால் ஹெட் ஏறியபின் துளை வட்டமாக இருக்கும். எல்லாக் கடையிலும் இந்த இன்லைன் ஆறுக்குப் பிளேட் இருக்காது, வி8-க்குத்தான் வைத்திருப்பார்கள். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை முதலில் கேளுங்கள்.

ஆறு பிஸ்டனையும் வீட்டில் எடைபோட்டேன். ஐந்து ஒரு கிராமுக்குள் ஒத்திருந்தன. ஆறாவது 9 கிராம் அதிகம், தலைக்கு உள்பக்கம் வார்ப்பு எண்ணும் வேறு. விற்றவர் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். வரிசை ஆறில் ஒரு சௌகரியம் உண்டு. முன் மூன்றும் பின் மூன்றும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இயங்குவதால் அசையும் எடை ஒன்றையொன்று தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் வி8 மாதிரி பிஸ்டன் எடைக்கேற்ப கிராங்க்கைத் துளைபோட்டுச் சமன்செய்ய வேண்டியதில்லை. புது பிஸ்டன் பழசைவிட இலேசா கனமா என்பது பொருட்டில்லை. ஆறும் ஒரே எடையா என்பதுதான் பொருட்டு.

ரிங் இடைவெளியில்தான் ஹைப்பர்யூடெக்டிக் தன் குணத்தைக் காட்டுகிறது. போர் விட்டத்தில் அங்குலத்துக்கு 0.004 என்ற பொது விதிப்படி மேல் ரிங்குக்கு 0.40 மி.மீ. போதும். தாள் கேட்டது அங்குலத்துக்கு 0.0065, அதாவது மொத்தம் 0.64 மி.மீ. இந்தப் பிஸ்டனில் மேல் ரிங் தலைக்கு நெருக்கமாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது, வெப்பமும் தலையிலேயே தங்குகிறது. ரிங் அதிகம் சூடாகி நீளும். இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் ரிங் சுவரில் இறுகும், பிஸ்டன் தலை விளிம்பு பிய்த்துக்கொண்டு வரும். ஹைப்பர்யூடெக்டிக் உடையும் என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இந்தத் தாளைப் படிக்காததால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

ரிங்கைப் போருக்குள் விட்டு, பழைய பிஸ்டனைத் தலைகீழாக வைத்து ஓர் அங்குலம் கீழே தள்ளி நேராக்கினோம். ஃபீலர் கேஜால் பார்த்து, வெளியே எடுத்துக் கைராவு மெஷினில் இரண்டு சுற்று, மறுபடி உள்ளே. வெளிமுகத்திலிருந்து உள்நோக்கித்தான் ராவவேண்டும், இல்லாவிட்டால் முகத்திலுள்ள மாலிப்டினம் பூச்சு உதிரும். பொறுமைக்குச் சோதனை வைக்கும் வேலை. தம்பி ஒரு சாயங்காலம் முழுக்க இதில் உட்கார்ந்தான்.

கஜன் பின் இந்த என்ஜினில் ராடுக்குள் இறுக்கப் பொருத்தம். ராடின் சின்ன எண்டைச் சூடாக்கிப் பின்னை ஒரே தள்ளில் இறக்கவேண்டும், வழியில் நின்றுவிட்டால் தொலைந்தது. அதைக் கடையிலேயே செய்யச் சொன்னோம். கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: பிஸ்டன் தலையிலுள்ள அம்பு என்ஜினின் முன்பக்கம் பார்க்கும்போது, ராடிலுள்ள ஆயில் துளை கேம் பக்கம் பார்க்கவேண்டும். பின் பிஸ்டனின் நட்டநடுவில் இல்லை, தட்டலைக் குறைக்கச் சற்றே ஒதுங்கி இருக்கிறது. திருப்பிப் போட்டால் புது என்ஜினே சத்தம் போடும். ஆயில் துளை பீய்ச்சுவதும் சுமை விழும் அதே சுவரில்தான்.

பூட்டியதில் சொல்ல அதிகமில்லை. ராடு கேப் 33 அடி-பவுண்டு. ஹெட் போல்ட்டுகள் மொத்தம் பதினான்கு; அவை 22, 45, 110 அடி-பவுண்டு என்று படிப்படியாக. பதினோராவது மட்டும் 100.

முதல் ஸ்டார்ட்டில் ஆயில் பிரஷர் ஏறியதும் ஐட்லில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்.முக்குத் தூக்கி இருபது நிமிடம் வைத்தோம். அது ரிங்குக்காக இல்லை, கேமுக்காக. தட்டை லிஃப்டர் உள்ள புது கேம் ஐட்லில் நின்றால் தேய்ந்துபோகும். ரிங்குக்கான வேலை சாலையில்தான்: மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி வேகமெடுப்பது, பிறகு காலை எடுத்துத் தானாக இறங்க விடுவது, திரும்பத் திரும்ப.

500 மைல் ஓடியபின் கம்ப்ரஷன் பார்த்தோம். ஆறும் 155-லிருந்து 160-க்குள் நின்றன, புத்தகத்தின் 150-ஐத் தாண்டியது விகிதம் கூடியதால். உறைபனிக் காலையிலும் ஸ்டார்ட் செய்ததும் அந்தத் தட்டல் இல்லை. 87 ஆக்டேன் சாதா பெட்ரோலில், ஏ.சி. ஓட, ட்ரெய்லர் இழுத்து மேடேறும்போதும் நாக் கேட்கவில்லை. முதல் ஆயில் மாற்றத்தில் வடிகட்டியை வெட்டி விரித்துப் பார்த்தால் ஹோனிங் துகள் கொஞ்சம், அலுமினியம் இல்லை. தம்பி இப்போது நண்பன் ஒருவனின் 2000 மாடலுக்குப் பிஸ்டன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த வருட ஹெட்டில் 0331 என்று வார்ப்பு எண் இருந்தால் மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் வரும் பழக்கம் உண்டு, முதலில் ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.